படலையைப் பூட்டுமுன்

யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் வழங்கும் சொற்களுள் “அறளை பெயர்தல்” என்பது ஒன்று. முதியவர் ஒருவர் உண்ட சோற்றை உண்ணவில்லை என்றாலும், மகனைத் தம்பியின் பெயரால் அழைத்தாலும், கேட்டதையே நான்காம் முறையும் கேட்டாலும் “கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுவர். அதற்கு மேல் விசாரணை இல்லை, மேன்முறையீடும் இல்லை. முன்னாளில் அத்தீர்ப்பினாற் பெருங்கேடு விளைந்ததில்லை. திண்ணையில் ஒரு மூலையும், வேளைக்கு ஒரு கோப்பைக் கஞ்சியும், சுற்றிவர நான்கு பேரப்பிள்ளைகளும் அம்முதியவருக்கு இருந்தன. தப்பித்தவறிப் படலையைத் தாண்டிவிட்டாலும் அயல்வீட்டார் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டுவிடுவர்.

இன்று அந்த வீடு மாறிவிட்டது. பிள்ளைகளுள் ஒருவர் ரொறன்ரோவில்; ஒருவர் இலண்டனில்; ஒருவர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. ஊரில் எஞ்சிய மகள் விடியுமுன் தையல் ஆலைக்கு வேன் ஏறுகின்றாள். பேரப்பிள்ளைகள் பாடசாலையிலும், பின்னர் தனியார் வகுப்பிலும். வளவில் எஞ்சியிருப்பவர் முதியவர் ஒருவரே. அவரும் பொழுதுபடும் நேரத்திலே எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டால், குடும்பத்தார் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது: “வெளியே போகாதபடி பூட்டி வைத்துப் பார்க்கும் இல்லம் எங்கேனும் உண்டா?”

கேட்பவர் கொடியவர் அல்லர். இரவு உறக்கமின்றிக் களைத்தவர். ஆயினும், இல்லத்தைத் தேடுமுன் தீர்க்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. பூட்டத்தான் வேண்டுமா என்பதை யார் தீர்மானிப்பது? எதைக் கொண்டு தீர்மானிப்பது? மேலைநாடுகள் பல இதற்கெனச் சட்டமும் முறையும் வகுத்துள்ளன. நம் நாட்டில் அவை இன்னும் அரும்பு நிலையிலேயே உள்ளன. எனவே இதனைக் குடும்பத்தாரும் மாணவரும் அறிந்துவைத்திருப்பது நன்று.

அக்கராயனை எடுத்துக்கொள்வோம்

அக்கராயன், கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே குளத்தை நம்பி வாழும் ஊர். குளக்கட்டு, துருசு, வாய்க்கால், வயல், அப்பாற் காடு என்பதே அதன் அமைப்பு. 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோதும், 1996இற் கிளிநொச்சி நகர் வெறுமையானபோதும் பெருந்தொகையானோருக்கு அக்கராயனும் அடுத்துள்ள ஸ்கந்தபுரமும் அடைக்கலம் கொடுத்தன. 2008இல் அடைக்கலம் கொடுத்தவர்களே மூட்டை கட்டினர். பின்னர் முல்லைத்தீவுக் கரை, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம், மீண்டும் ஊர்.

சரித்திரம் சொல்லுவதற்காக இவ்வாண்டுகளை அடுக்கவில்லை. எண்பதை அணுகும் ஓர் அக்கராயன் முதியவரின் நினைவில் இவ்விடங்கள் யாவும் படைபடையாகக் கிடக்கின்றன. மறதி நோய் மேற்படையையே முதலில் உரித்தெடுப்பது. நேற்று வந்த விருந்தினர் மறைவர். பத்தாண்டின் முன் கட்டிய கல்வீடு மறையும். முகாமோ, அதற்கு முந்திய மண்வீடோ மேலே வந்து நிற்கும். அத்தகைய ஒருவரை முள்வேலியும் காவலாளியும், தட்டேந்தி வரிசையில் நின்று சோறு வாங்கும் வழக்கமும் உள்ள ஓரிடத்திற் கொண்டுபோய் விட்டால், தாம் எங்கே இருப்பதாக அவர் எண்ணுவார்? இக்கேள்வி இலண்டனில் அச்சிட்ட எந்தப் படிவத்திலும் இராது. நாமே எழுதிச் சேர்க்கவேண்டியது.

ஓர் அம்மையாரை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டா, ஆச்சி என்றே சொல்வோம். மாலை ஆறு மணியானால் ஆச்சி படலையைத் திறந்துகொண்டு குளக்கட்டை நோக்கி நடக்கின்றார். இருமுறை வாய்க்கால் ஓரத்திலே கண்டுபிடித்து அழைத்து வந்தனர். “எங்கையணை போறியள்?” என்றால் “மாடு திரும்பேல்லைப் பிள்ளை” என்கின்றார். மாடு 2008இலேயே போய்விட்டது. சில நாட்களில் மாட்டைச் சொல்லாமல் மகனைச் சொல்கின்றார். மகனும் 2009இலிருந்து இல்லை.

முதலில், இது மறதி நோய்தானா?

மறதி நோய் என்று பொதுவாகச் சொல்லும் டிமென்சியா ஒரு தனி நோயன்று. மூளையைத் தாக்கும் பல நோய்களின் விளைவு. அவற்றுள் முதன்மையானது அல்சைமர் நோய். நூற்றுக்கு 60 முதல் 70 வரையான நேர்வுகளுக்கு அதுவே காரணம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயோடு வாழ்ந்தனர் என்பதும், அவர்களுள் நூற்றுக்கு 60இற்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தோர் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில், இராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்தோரிடையே நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இந்நோயைக் கண்டது.

ஆனால் குழம்பிய முதியவர் எல்லாரும் மறதி நோயாளர் அல்லர். இதனை எத்துணை முறை சொன்னாலும் தகும். நல்ல தெளிவோடிருந்த ஒருவர் மூன்று நாட்களிற் குழம்பினால் அது பெரும்பாலும் மறதி நோயன்று. சிறுநீர்த் தொற்று, மார்புச் சளி, உடலில் நீர் வற்றுதல், சலரோக மாத்திரையால் இரத்தத்திற் சீனி இறங்குதல், விழுந்தபின் மண்டையோட்டுக்குள்ளே மெல்லக் கசியும் இரத்தம் ஆகிய எதுவும் காரணமாகலாம். தடிமனுக்கும் நித்திரைக்கும் நாம் எளிதாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளுட் சில முதியோரின் அறிவை மங்கச் செய்பவை. தைரொயிட் சுரப்பி தளர்ந்தாலும், விற்றமின் பீ 12 குறைந்தாலும் மறதி தோன்றும். இவற்றுட் பல மருந்தினால் மாறக்கூடியவை. இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யாமல் ஒருவரைப் பூட்டிய இல்லத்துக்கு அனுப்புவது, காய்ச்சற்காரனைச் சுடுகாட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். சற்றுக் கடுமையான சொல்தான். ஆயினும் மாற்ற மனம் வரவில்லை.

காதும் கண்ணும் அடுத்தவை. கேள்வி காதில் விழாதவர் தவறான விடை சொல்வார். கண்புரை மூடியவர் மருமகளை அயலாள் என்பார். காதுக்குமிழியை எடுத்துவிட்டுக் கேட்டால் பாதி “மறதி” மறைந்த வீடுகள் உண்டு.

மூன்றாவது, துயரம். மனச்சோர்வு முதுமையில் மறதி வேடம் பூண்டு வரும் என்பதை உளமருத்துவர் நன்கு அறிவர். சோர்வுற்றவர் “தெரியாது” என்று கையை விரிப்பார். மறதி நோயாளரோ தெரியாததை மறைக்க ஏதேனும் ஒரு கதை சொல்வார் என்பது அவர்கள் கூறும் ஒரு குறிப்பு. எல்லோருக்கும் பொருந்தும் விதியன்று, எனினும் பயனுள்ளது. வன்னியில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர், கிளிநொச்சியிற் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கிருந்தோருட் பலர் வயது முதிர்ந்த தாய்மார். “என் மகன் வருவான்” என்று அவர்களுள் ஒருவர் சொன்னால் அது அறளையா? உடலைக் காணாத, கிரியை செய்யாத இழப்பு முடிவுறுவதில்லை. இதனைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் போலின் பொஸ். போர் நம் சமூகத்தின் மனத்தில் இட்ட வடுவைப் பற்றி யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலம் எழுதிவந்துள்ளார். ஆகவே நம் ஆச்சி மகனைத் தேடி நடக்கும் நாட்களையும், மாட்டைத் தேடி நடக்கும் நாட்களையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மாட்டைத் தேடுவது மறதியாக இருக்கலாம். மகனைத் தேடுவது மறவாமையாகவும் இருக்கலாம்.

கேள்வித்தாளும் கிழவியும்

மறதி நோயாளரை மதிப்பிட்ட பழைய பதிவு ஒன்றை இங்கே சொல்வது பொருத்தம். 1901ஆம் ஆண்டு நவம்பரில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் இல்லத்துக்கு, ஒகுஸ்டே டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தனர். அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவர் எதிரே அமர்ந்து, பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு விடைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். பூக்கோவாவும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தபோது என்ன உண்கிறீர் என்று கேட்க, கீரை என்றார் அப்பெண். 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து அதே ஆண்டு நவம்பரில் அல்சைமர் நிகழ்த்திய உரையே நோய்க்கு அவர் பெயரைப் பெற்றுத்தந்தது. அவர் செய்த முதல் வேலை, நோயாளர் எதிரே பொறுமையாக அமர்ந்தது.

இன்று அப்பொறுமைக்குப் பதிலாகக் கேள்வித்தாள்கள் வந்துள்ளன. அவற்றுட் புகழ்பெற்றது அமெரிக்காவில் 1975இல் வெளியான, 30 புள்ளிகள் கொண்ட சிறு மனநிலைச் சோதனை. இன்று என்ன திகதி, என்ன கிழமை, இது எந்த நாடு என்று கேட்கும். 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். வசனம் ஒன்று எழுதச் சொல்லும். ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். நம் ஆச்சி இரண்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். பேனையைக் கடைசியாகப் பிடித்தது நிவாரணப் பட்டியலிற் கையொப்பமிட. திகதியைக் கேட்டால் அறியார். பங்குனித் திங்களில் எத்தனையாம் திங்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். ஏழேழாகக் கழிக்க மாட்டார்; ஒரு மூடை நெல்லின் விலையில் உழவுக்கூலி போக மிச்சம் என்ன என்றால் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார். பள்ளி செல்லாமையை நோயாக எண்ணும் பிழை இத்தகைய தாள்களில் இருப்பதை அறிஞர் ஒத்துக்கொண்டுள்ளனர்.

இக்குறையை நீக்க, பல மொழி பேசுவோர் குடியேறிய அவுஸ்திரேலியாவில் 2004இல் ருடாஸ் என்னும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். எழுத வாசிக்க அறியாதவருக்கும் இது பொருந்தும். கடையில் வாங்கத் தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம் என நான்கு பொருட்களைச் சொல்லிச் சற்றுநேரம் கழித்துக் கேட்பர். “உங்கள் இடக்கையைக் காட்டுங்கள்” என்பர். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று பார்ப்பர். வன்னி முதியவர் இதிற் பட்டணத்தாரை வென்றுவிடுவார் என்றே நினைக்கின்றேன். வாகனங்கள் விரையும் தெருவை, கடவையும் விளக்கும் இல்லாதவிடத்து, எவ்வாறு பத்திரமாகக் கடப்பீர்கள் என்பது இன்னொரு கேள்வி. இது விவேகத்தைச் சோதிப்பது. ஏ9 வீதியோரத்தார்க்கு இது நன்கு பொருந்தும்; அக்கராயன் உட்பகுதியிலோ, குளம் வான்பாயும் நாளில் வாய்க்காலை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்பது மேல். ஆனால் கேள்வியை மாற்றினாற் புள்ளிக் கணக்கும் மாறும் என்பதை மறக்கலாகாது. அதனைத் தக்கோர் சோதித்துப் பார்த்தபின்பே வழங்க வேண்டும்.

புலம்பெயர்ந்த நம்மவர்க்கு இங்கே ஒரு சொல். பிற்காலத்திற் கற்ற மொழியே மறதி நோயில் முதலில் நழுவுவது வழக்கம். முப்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவர் திடீரெனத் தமிழே பேசுவார். அவரை ஆங்கிலத்தில் மதிப்பிட்டு, முற்றும் அறிவிழந்தவர் என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அங்கே குடும்பத்தின் உரிமை. மகனே மொழிபெயர்ப்பாளனாக இருப்பது நன்றன்று. தாயின் தவறான விடையைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை, அல்லது விரைவில் இடம் கிடைக்கவேண்டும் என்ற ஆசை, இரண்டில் ஒன்று அவன் நாவில் இருக்கும்.

எவ்வாறாயினும் புள்ளி ஒரு வாயில், தீர்ப்பன்று. 30இற்கு 12 எடுத்தவர் தம் வீட்டிற் பத்திரமாக வாழலாம். 20 எடுத்தவர் அடுப்பை எரியவிட்டு மறந்துபோகலாம்.

வாய் திறவாதவர் சம்மதித்தவரா?

இப்பொருளிற் சட்டத்தைத் திருப்பிப்போட்ட வழக்கு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. வழக்கிற்குரியவர் மறதி நோயாளர் அல்லர். ஓட்டிசம் உடைய, பேச இயலாத, 48 வயதினர். எச்.எல். என்ற எழுத்துகளாலேயே அவரை நீதிமன்றம் குறித்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் போர்ன்வூட் என்னும் மருத்துவமனையில் வாழ்ந்தவரை 1994இல் ஒரு குடும்பத்தார் தம் வீட்டிற்கு அழைத்துவந்து பராமரித்தனர். 1997 யூலையில், பகல்நேர நிலையம் ஒன்றில் அவர் கிளர்ச்சியுற்றுத் தம்மைத் தாமே அடித்துக்கொள்ள, மீண்டும் அம்மருத்துவமனையிற் சேர்த்தனர். அவர் எதிர்க்கவில்லை, ஆகவே சட்டப்படி அடைக்கத் தேவையில்லை, தாமாகவே இருக்கின்றார் என்றனர் மருத்துவர். பராமரித்த குடும்பத்தாரைப் பார்க்கவும் விடவில்லை. மாதங்கள் சென்றன. வழக்கு இங்கிலாந்தின் மேன்மன்றம் வரை சென்று, 1998இல் மருத்துவமனைக்குச் சார்பாக முடிந்தது. ஆனால் 2004 ஒற்றோபர் 5ஆந் திகதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதனைப் புரட்டியது. எதிர்க்காமை சம்மதம் ஆகாது. முறையான விசாரணையின்றி அவருடைய சுதந்திரம் பறிபோயிற்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் முதியோர் இல்லங்களுக்கு அழைத்துச்செல்லப்படும் ஆச்சிமாரும் அப்புமாரும் பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. கையைப் பிடித்தால் வருவார்கள், இருத்தினால் இருப்பார்கள். “அம்மா சந்தோஷமாய்த்தான் போனவ” என்று பிள்ளைகள் சொல்வதன் பொருளை இவ்வழக்கின் வெளிச்சத்தில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 2005இல் வந்த மனத்தகைமைச் சட்டத்தின் கொள்கைகள் எளியவை. எவரும் தீர்மானிக்க வல்லவர் என்றே தொடங்க வேண்டும். இயலாது என்பவரே அதனை நிறுவ வேண்டும். விளங்கவைக்க இயன்ற உதவி யாவும் செய்த பின்பே இயலாதவர் என்று சொல்லலாம். புத்தியற்ற முடிவை எடுப்பதனால் மட்டும் ஒருவர் புத்தி இழந்தவர் ஆகார். பிறர் தீர்மானிக்கும்போது அது அவரது நலனுக்கே ஆக வேண்டும். அதிலும் சுதந்திரத்தை மிகக் குறைவாகத் தடுக்கும் வழியைத் தேட வேண்டும். சொல்லியதை விளங்கிக்கொள்கின்றாரா, சற்றுநேரமாவது மனத்தில் வைத்திருக்கின்றாரா, நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கின்றாரா, முடிவை ஏதேனும் ஒரு வகையால் தெரிவிக்கின்றாரா என்பனவே சோதனை. அதுவும் குறித்த ஒரு முடிவைப் பற்றியது. காணி உறுதி எழுத இயலாதவர், தாம் எங்கே உறங்குவது என்று சொல்ல வல்லவராக இருக்கலாம்.

போர்ன்வூட் வழக்கின் பயனாக 2009 ஏப்பிரலிலிருந்து அங்கே, இல்லத்தில் ஒருவரை அடைத்து வைப்பதாயின் ஆறு மதிப்பீடுகள் வேண்டும் என்றாயிற்று. வயது, மனநிலை, மனத்தகைமை, நலன் என்பவற்றோடு, வேறு சட்டத்துக்கு முரண்படாமையும், அவர் முன்னரே எழுதிவைத்த மறுப்பு எதுவும் இல்லாமையும் பார்க்கப்படும். மனநிலையைப் பார்ப்பவரும் நலனைப் பார்ப்பவரும் ஒருவராக இருத்தல் ஆகாது. அனுமதி ஓராண்டுக்கு மேற்படாது. 2014 மார்ச்சில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், எந்நேரமும் கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருந்து, விரும்பினால் வெளியேறவும் முடியாதவர் சுதந்திரம் இழந்தவரே. இடம் எத்துணை வசதியாயினும் அது மாறாது என்றது. கூடு பொன்னாயினும் கூடே என்பது அத்தீர்ப்பில் அம்மன்றத்தின் பிரதித் தலைவர் ஹேல் அம்மையார் கொண்ட கருத்து. விண்ணப்பங்கள் வெள்ளமாகக் குவிந்தன. அதிகாரிகள் திணறினர் என்பதையும் சொல்லவேண்டும். நல்ல சட்டம் வேறு, அதனை நடத்தும் ஆட்பலம் வேறு.

நம் நாட்டின் நிலை யாது? மனநோயாளரை அடைப்பது பற்றி நாம் இன்றும் சார்ந்திருப்பது 1873ஆம் ஆண்டில் வேர்கொண்ட கட்டளைச் சட்டத்தை. அது புகலிடங்களை நினைத்து எழுதியது, முதியோர் இல்லங்களை நினைத்தன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்று பிள்ளைகளைப் பணிக்கின்றது. பராமரிப்புச் செலவு கோரச் சபை ஒன்றையும் அமைக்கின்றது. 2016இல் இலங்கை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம், இயலாமையைக் காரணங்காட்டி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்கின்றது. இவற்றின் நடுவே, மறதி நோயாளர் ஒருவரைப் பூட்டிய இல்லத்திற் சேர்க்குமுன் யார் யார் பார்க்க வேண்டும் என்னும் படிமுறைக்கு நாமே வழி தேட வேண்டியுள்ளது. அயலில் இந்தியா 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டத்தினால், நலமாயிருக்கும்போதே ஒருவர் தம் விருப்பத்தை எழுதிவைக்க வழி செய்துள்ளது.

வீட்டிற்குப் போய்ப் பார்த்தல்

நல்ல மதிப்பீடு மருத்துவமனை மேசையில் முடிவதில்லை. உளநல வைத்திய அதிகாரியோ, சமூகசேவை உத்தியோகத்தரோ, தாதியோ வீட்டிற்குப் போக வேண்டும். அடுப்படியில் விறகு எங்கே இருக்கிறது? கிணற்றுக்குக் கட்டு உண்டா? மலசலகூடம் எத்தனை அடி தூரம். இரவில் வழியில் வெளிச்சம் உண்டா? வாய்க்கால் எவ்வளவு அருகில்? பூச்சிமருந்துப் போத்தல் எங்கே வைத்திருக்கின்றனர்? வன்னியில் இக்கடைசிக் கேள்வியை விடவே கூடாது.

பின்னர் மகளைத் தனியே இருத்திக் கேட்க வேண்டும். முதியவர் முன்னிலையில் எந்த மகளும் உண்மையைச் சொல்லமாட்டாள். இரவில் எத்தனை முறை எழுகின்றாள், எப்போது அடித்துவிட்டாள், எப்போது அடிக்கக் கை ஓங்கினாள் என்பன அழுகையோடுதான் வெளிவரும். கடல்கடந்த உறவினர் “இல்லத்தில் விடுவது எங்கள் குடும்பத்துக்கு அவமானம்” என்று தொலைபேசியிற் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். அவர்களுள் எவரும் ஒரு வாரம் வந்து இரவு விழித்திருந்ததாக அறியேன்.

வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. பகல் முழுவதும் முதியவரை அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் வீடுகள் நம்மிடையே உள்ளன. கட்டில்காலோடு சேலைத்தலைப்பாற் கட்டிவைப்போரும் உளர். வறுமையும் வழியின்மையும் காரணம். இல்லத்துப் படலையைப் பூட்டச் சட்டம் கேட்கும் நாம், வீட்டறையின் பூட்டை எவரும் கேளாததைக் கவனிக்க வேண்டும். தகுந்த தாதியரும் நடக்க முற்றமும் உள்ள இல்லம் அவ்வறையினும் ஆயிரமடங்கு நன்று. ஆகவே “இல்லமே கூடாது” என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

நடத்தல் என்பதையும் ஆராய வேண்டும். எத்தனை மணிக்கு, எத்திசையில், எதைத் தேடி? நம் ஆச்சி மாலை ஆறு மணிக்கே நடக்கின்றார். ஐம்பதாண்டுகள் மாடு சாய்த்த நேரம் அது. அந்நேரத்திற் பேரன் ஒருவன் கூடவே குளக்கட்டு வரை போய்த் திரும்பினால் இரவு அமைதியாக உறங்கக்கூடும். படலையின் கொக்கியை மேலே மாற்றலாம், மணியொன்று கட்டலாம். கையிற் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொறித்த வளையல் அணிவிக்கலாம். கிராம அலுவலரிடமும் சந்திக் கடைக்காரரிடமும் முச்சக்கரவண்டிக்காரரிடமும் சொல்லிவைக்கலாம். ஊர் முதியோர் சங்கம் வாரத்தில் இரு பகல் பார்த்துக்கொண்டால் மகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒல்லாந்து நாட்டில் வீஸ்ப் நகரில் 2009இல் ஹோகெவெய்க் என்று ஒரு சிற்றூரையே மறதி நோயாளர்க்காகக் கட்டினர். கடையும் தெருவும் தோட்டமும் உள்ளே, வாயில் ஒன்றே. அதனைப் பற்றி வாசித்தபோது, பெரும்பணம் செலவிட்டு அவர்கள் கட்டியதிற் பாதி அக்கராயனில் ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றியது. இல்லாத பாதி, சம்பளம் பெறும் பராமரிப்பாளர். அது சிறிய பாதியன்று.

இவை யாவும் முயன்றும் ஆச்சி நள்ளிரவில் வாய்க்காலுக்கே போகின்றார், மகளும் நோயுற்றுவிட்டாள் என்றால் பூட்டிய இல்லம் ஒன்றே வழியாகலாம். அப்போது அவரோடு ஒரு தாள் போக வேண்டும். நோயின் பெயர், மருந்துகள் மட்டும் எழுதிய தாளன்று. எந்தப் பெயரால் அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். பாயிலா கட்டிலிலா உறங்குவார். வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். திருநீறு இல்லாமற் காலையுணவு உண்ணார். சீருடையைக் கண்டால் நடுங்குவார். வரிசையில் நிற்கச் சொல்லக் கூடாது. மகனைக் கேட்டால் “இறந்துவிட்டான்” என்று சொல்லாமல், மகனைப் பற்றிப் பேசவிடுங்கள். இவை இல்லாத தாளைப் பெறும் இல்லம், வந்தவர் யாரென்று அறியாமலே அவரைப் பராமரிக்கத் தொடங்கும்.

தாளின் அடியில் இரு திகதிகள் வேண்டும். ஆறு கிழமையில் ஒருமுறையும், ஆறு மாதத்தில் ஒருமுறையும் மீண்டும் மதிப்பிட. நோய் முற்றி நடையே நின்றுவிட்டவருக்குப் பூட்டிய படலை தேவையில்லை. அவர் திறந்த இல்லத்துக்கோ வீட்டுக்கோ திரும்பலாம். அதற்குக் கீழே, யார் வந்து பார்ப்பது என்று ஒரு வரி. வடக்கில் நாம் அறிந்த இல்லங்கள் கைதடியிலும் வவுனியாக் கோவில்குளத்திலும் உள்ளன. அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் இன்னொன்று. போய்வர மகளுக்கு ஒரு நாட் சம்பளம் போகும். அந்தச் சம்பளத்தை ரொறன்ரோவிலிருப்பவர் மாதந்தோறும் அனுப்புவாரா என்பதையும் அவ்வரியிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.